பீரோவுக்குள் போன இன்ஹேலர்

அம்மாவும் பெரியம்மாவும் சேர்ந்துவிட்டால் பேச்சு பாலவாக்கத்துக்குப் போய்விடும். சிறு வயதில் அவர்கள் இருந்த ஓட்டு வீடு, மணலில் புதைத்துவிட்டுத் தேடியும் கிடைக்காத செருப்பு, அலைக்குப் பயந்து அம்மா பெரியம்மாவின் முதுகில் ஏறிக்கொண்டது. தூபா அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அதை நினைத்தால் அவளுக்கு ஏக்கமாக இருக்கும்.

சில நாட்களாக அந்தக் கதைகள் பாதியிலேயே நின்றன. நாலு வார்த்தை பேசுவதற்குள் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சில் விசில் மாதிரி ஒரு சத்தம்.

அம்மாவுக்கு ஆஸ்துமா. வயிற்றில் பாப்பா வந்த பிறகும், டாக்டர் சொன்னபடி தினமும் இன்ஹேலரை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தாள். திடீரென்று மூச்சு முட்டினால் உறிஞ்ச, நீல நிறத்தில் இன்னொன்றும் இருந்தது.

பிரசவம் வரை கூட இருந்து பார்த்துக்கொள்ள, பெரியம்மா அன்வரி பேகம் மயிலாப்பூர் வீட்டுக்கு வந்தாள். இரண்டு இன்ஹேலரும் பீரோவுக்குள் போயின. அந்த மருந்து பிள்ளைக்குக் குறையை உண்டாக்கிவிடும் என்று பெரியம்மா பயந்தாள். அவள் பயம் அம்மாவையும் தொற்றிக்கொண்டது. டாக்டரிடம் யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை அம்மா தலைக்குக் குளித்தாள். பெரியம்மா தணலில் சாம்பிராணி போட்டு, கூடையைக் கவிழ்த்து, ஈரக்கூந்தலை அதன்மேல் விரித்தாள். பிள்ளைத்தாய்ச்சிக்குச் சளி பிடிக்கக் கூடாதாம்.

தூபாவுக்கு அந்த மணம் பிடிக்கும். பழைய பெருநாட்களெல்லாம் நினைவுக்கு வரும். கண்ணை மூடி முகர்ந்துகொண்டிருந்தவள், அம்மா சட்டென்று எழுந்து உட்காரும் சத்தம் கேட்டுக் கண் திறந்தாள்.

அம்மா கட்டிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தோள்கள் ஏறி இறங்கின. என்னவென்று கேட்டதற்குக் கையை மட்டும் ஆட்டினாள்.

தணலை வெளியே கொண்டுபோகப் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு, தூபா ஜன்னல்களைத் திறந்தாள். பீரோவிலிருந்து நீல இன்ஹேலரை எடுத்து வந்தாள். அம்மா கையை நீட்டினாள். பிறகு வயிற்றைப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டாள்.

அழுதால் அம்மாவின் பயம் போகாது என்று தூபாவுக்குத் தெரிந்தது. அம்மாவின் போனில் டாக்டர் சந்திரிகாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"டாக்டர், நான் ஷகீலா பொண்ணு தூபா. அம்மாவுக்கு மூச்சு முட்டுது. இன்ஹேலர் போட்டா பாப்பாவுக்குக் குறை வந்துடும்னு பயப்படறாங்க."

"நீல இன்ஹேலரை இப்பவே போடச் சொல்லு. அம்மா இழுக்கற காத்துதான் பாப்பாவுக்கும் போகுது. அது குறைஞ்சாதான் பாப்பாவுக்கு ஆபத்து."

அம்மா இன்ஹேலரை வாங்கி உறிஞ்சினாள்.

பெரியம்மா போனுக்குக் கிட்டே குனிந்தாள். "அப்ப பிள்ளைக்கு எந்தக் குறையும் வராதுல்ல?"

"எந்தப் பிள்ளைக்கும் அப்படிச் சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா நான் குடுத்தது கர்ப்பத்துல போடக்கூடிய மருந்துதான். ஆஸ்துமா அடங்கி இருந்தாத்தான் ரெண்டு பேருக்கும் நல்லது. நீங்களா நிறுத்தாதீங்க. உடனே அழைச்சிட்டு வாங்க."

ஆட்டோ பிடித்து ஆழ்வார்பேட்டையில் டாக்டரிடம் போனார்கள். வழி நெடுகப் பெரியம்மா அம்மாவின் கையை விடாமல் பிடித்திருந்தாள். அந்தக் கையைப் பார்த்தபோது தூபாவுக்குப் புரிந்தது. முதுகில் ஏறிய தங்கையைப் பெரியம்மா இன்னும் இறக்கிவிடவே இல்லை.

"இனிமே இன்ஹேலரை நீங்களே எடுத்துக் குடுங்க பெரியம்மா. நீங்க சொன்னாத்தான் அம்மா கேப்பாங்க" என்றாள்.

வீடு திரும்பிய பிறகு பெரியம்மா டாக்டரையே மிஞ்சிவிட்டாள். இன்ஹேலரை உறிஞ்சினால்தான் அம்மாவுக்கு டீ. பக்கத்து வீட்டில் ஊதுபத்தி மணந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு, அவர்களையும் விசாரித்துவிட்டு வருவாள். அவள் சமையலறையிலிருந்து அதட்டுவதும் அம்மா பதிலுக்குச் சிரிப்பதுமாகப் போன அந்த நாட்களை, பிறகு எத்தனையோ தடவை தூபா ஆசையாக நினைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் தொடங்கியபோது தம்பி பிறந்தான். கதவு மூடியிருந்தும் அவன் அழுகை ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்டது. தாயும் பிள்ளையும் நன்றாக இருப்பதாக நர்ஸ் வந்து சொன்னாள்.

பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா சத்தம் பாரு தூபா" என்றாள். "மூச்சு விஷயத்துல அப்படியே என்னை உரிச்சு வெச்சிருக்கான்."