மூடிக்குப் பூசிய மாவு

தேசாவுக்கு முதலில் உறுத்தியது, அவள் சொன்னதை அவள் புருஷன் ஒப்புக்கொண்டதுதான்.

ராதோமிர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. மழை பெய்கிறது என்று அவள் சொன்னால் ஜன்னலைத் திறந்து, கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "தூறல்" என்பான். வெளிநாட்டில், லின்ஸ் நகரத்தில் அவன் வெல்டிங் பட்டறையிலும் அவள் ஹோட்டல் அறைகளிலும் உழைத்து ஓய்ந்து, ஊர் திரும்பி, பூட்டிக்கிடந்த பழைய பால் நிலையத்தைப் பிடித்து, அதில் சின்னதாக, ராக்கியா என்கிற பழச்சாராயம் காய்ச்சும் வடிசாலை போடுவது என்று தீர்மானித்த நாளிலிருந்து இருவருக்கும் ஓயாத சண்டை. அவனுக்குப் புத்தம்புது ஸ்டீல் அண்டா வேண்டும், பட்டனைத் தட்டினால் சூடாகிற ரகம். அவளுக்குச் செம்பு வேண்டும். பிளம் ஊறலில் இருக்கும் கெட்ட வாடையைச் செம்பு இழுத்துக்கொள்ளும், ஸ்டீலுக்கு அந்தக் குணம் கிடையாது.

"ஸ்டீல்னா கழுவி விட்டா முடிஞ்சுது. செம்பு மாமியா மாதிரிடி. தெனம் தேய்ச்சு விடணும், இல்லேன்னா மூஞ்சி கறுத்துடும்."

"உங்கம்மாவைச் சொல்றியா?"

"எங்கம்மா ஸ்டீல்."

கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். மலைக்கு அந்தப் பக்கம், ஆள் குடியில்லாத ஒரு தோட்டவீட்டில் அவளே தேடிப் பிடித்த அண்டா அது. கையால் அடித்த கனத்த செம்பு. ஓர் ஆள் உள்ளே இறங்கி உட்காரலாம். கும்பம் போன்ற மூடி, மூடியின் நடுவே கிண்டுவதற்குக் கைப்பிடி, அதை ஒட்டி உள்ளே இறங்கும் தண்டு, தண்டின் அடியில் ஊறல் பிடிக்காமல் செம்பைச் சுரண்டும் சங்கிலி, எல்லாம் இருந்தன. ஒரே ஒரு கோளாறு, மூடியைச் சுற்றி மாவு பூசி அடைத்திருந்தார்கள். காய்ச்சும்போது ஆவி தப்பாமலிருக்க இந்தப் பக்கத்தில் எல்லோரும் மாவு பூசுவதுதான். காய்ச்சி முடிந்ததும் அதை உடைத்து, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். அடைத்த அண்டாவை யாரும் அப்படியே விட்டு வைப்பதில்லை. விற்றவனைக் கேட்டதற்கு அவன் பணத்தை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டான். வண்டியில் ஏற்றும்போது கை கொடுக்காமல் வேலிக்கு அப்பால் நின்றுகொண்டான்.

"சோம்பேறிப் பய" என்று சிரித்துக்கொண்டே ராதோமிர் கல்லாய் இறுகியிருந்த மாவை உளி வைத்து உடைத்தான். உள்ளே ஒன்றுமில்லை. தட்டினால் கணீரென்றது. கோயில் மணிக்குக்கூட இப்படி ஓசை வராது என்று தேசா பெருமைப்பட்டாள். அவன் உதட்டைப் பிதுக்கினான்.

நேற்று மத்தியானம் அவன் வினிகரும் உப்பும் வைக்கோலும் எடுத்துக்கொண்டு தேய்ப்பதற்காக அண்டாவுக்குள் இறங்கினான். சுதி சேராத அவன் பாட்டு செம்புக்குள் முழங்கியது. தேசா வாசலில் உட்கார்ந்து ஆவிக்குழாயைக் கழுவிக்கொண்டிருந்தாள். பாட்டு ஓர் அடியின் நடுவில் நின்றது. மூச்சு வாங்குகிறான் என்று நினைத்தாள். தேய்க்கிற சத்தமும் கொஞ்ச நேரம் இல்லை. பிறகு அவன் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தான். ஏறி வெளியே வந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

"நீ சொன்னதுதான் சரி, தேசாங்கா. செம்புதான் நல்லது."

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் முழுப் பேரைச் சொல்லி அவன் அவளைக் கூப்பிட்டதே இல்லை. ராத்திரி மிளகாய் ஊறுகாயைத் தொடாமல் வெறும் ரொட்டியை நிதானமாக மென்றான். ஒவ்வொரு வாய்க்கும் ஒரே அளவு மென்றான். அவள் பேசும்போதெல்லாம் குறுக்கே விழாமல் தலையாட்டினான். எந்தப் பெண்டாட்டிக்கும் இது வரமாகத்தான் இருக்கும். தேசா தன் ரொட்டியைத் தட்டிலேயே விட்டு எழுந்தாள்.

இன்று காலையில் ஊறலை ஊற்றுவதற்கு முன்னால், ஆசைக்கு ஒருமுறை அண்டாவை விரல் முட்டியால் தட்டினாள். ஓசை வரவில்லை. நிறைந்த மூட்டையைத் தட்டியதுபோல மொத்தென்றது. எட்டிப் பார்த்தாள். காலி அண்டாதான், அடிச்செம்பு பளபளத்தது, அதில் அவள் முகம்கூடத் தெரிந்தது.

"குளிருக்குச் செம்பு அப்படித்தான் இருக்கும்" என்றான் அவன். பழைய ராதோமிராக இருந்தால், "பாத்தியா, உன் செம்போட லட்சணம்!" என்று ஊரைக் கூட்டியிருப்பான்.

ஊறலை ஊற்றினார்கள். மூடியைப் போட்டார்கள். தேசா மாவில் சாம்பல் கலந்து பிசைந்து, மூடியின் விளிம்பைச் சுற்றித் தன் கையாலேயே பூசினாள். செங்கல் அடுப்பில் பிளம் கட்டைகள் பிடித்துக்கொண்டன. ஆவிக்குழாய் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் நுழைகிற இடத்தில் ஒழுகியது. குழாயை இறுக்கப் புது வளையம் வாங்கிவர வுகாஷின் கடைக்குக் கிளம்பினான் அவன். வுகாஷின் அவர்கள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். ராதோமிரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன், இரண்டு தெரு தள்ளி இரும்புக்கடை வைத்திருந்தான்.

"கிண்டுறதை நிறுத்தாத. அடி பிடிச்சா எல்லாம் போச்சு" என்று கிளம்பும்போது அவளிடம் சொல்லிவிட்டுப் போனான்.

அவள் கைப்பிடியைச் சுற்றினாள். வெளியே மூடுபனி இறங்கி ஜன்னல் கண்ணாடி முழுக்க வெள்ளைத் துணி கட்டியதுபோல் ஆகிவிட்டது. பால் நிலையத்தின் ஓடு பதித்த சுவர்களில் இன்னும் பழைய புளித்த பாலின் வாடை இருந்தது. அதன் மேல் புகையும், சூடாகும் பிளம்மின் இனிப்பும், நாக்கின் நுனியில் ஒட்டும் செம்பின் கசப்பும் படிந்தன. உள்ளே சங்கிலி ஒரே சீராகச் செம்பைச் சுரண்டி, கர்ரென்று ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி கர்ரென்றது. அந்தச் சத்தத்தில் அவள் மனசு கொஞ்சம் அடங்கியது. வீணாகப் பயப்படுகிறேன், ஊர் மாறி, தூக்கம் கெட்டு, புத்தி குழம்பிக் கிடக்கிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

போன் அடித்தது. வுகாஷின்.

"தங்கச்சி, உன் புருஷனுக்கு என்ன ஆச்சு? ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"இல்லண்ணே. ஏன்?"

"வந்தான். ராக்கியா ஊத்திக் கொடுத்தேன், வேண்டாம்னுட்டான். அவன் அப்பன் எழவு வீட்டுலயே ரெண்டாவது குவளை கேட்டவன்! அதுகூடப் போகட்டும். என்னைப் போயி ‘நீங்க’ங்குறான். ‘உங்களுக்குச் சிரமம் கொடுத்துட்டேன்’ங்குறான். எவன்டா இவனுக்கு மரியாதை கத்துக்கொடுத்ததுன்னு ஆயிடுச்சு எனக்கு."

வுகாஷின் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"இப்ப எங்க இருக்கான்?"

"கிளம்பிட்டான். பனிக்குள்ள நடந்து வர்றான். டாக்டர்கிட்ட காட்டு, தங்கச்சி."

போனை வைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள். கனத்தது. ஊறல் கெட்டியாகியிருக்கும் என்று இரண்டு கையாலும் அழுத்தினாள். கொஞ்சம் நகர்ந்தது. பிறகு உள்ளிருந்து யாரோ தண்டைப் பிடித்து நிறுத்தியதுபோல் நின்றது. அவள் தள்ளினாள். அது திருப்பித் தள்ளியது.

கையை எடுத்தாள்.

கைப்பிடி தானாகப் பின்பக்கம் சுற்றியது. மெதுவாக. அரைச் சுற்று. சங்கிலி செம்பை உரசிற்று. நின்றது.

அடுப்பில் கட்டை வெடித்தது. அதற்கே அவள் உடம்பு தூக்கிப் போட்டது. ஓடிவிடலாம் என்று கால் சொல்லிற்று, ஆனால் எங்கே ஓடுவது? பனிக்குள் அவன் வந்துகொண்டிருந்தான்.

செம்பில் ஒரு தட்டு கேட்டது. உள்ளிருந்து.

கொதி, என்று நினைத்தாள். கொதி வந்தால் தட்டும்.

மறுபடி தட்டு. பிறகு, தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல், குழாய் வழியாக ஒரு குரல்.

"தேசா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தேசா, ரொம்பச் சுடுதுடி."

பேய் பிசாசு என்று ஊரில் சொல்வார்கள். ஆள் குரலில் கூப்பிடும், பதில் கொடுக்காதே என்பார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல, ஸ்டீல் வாங்கலாம்னு. கேட்டியா நீ? ஏறவே முடியலடி இதுல. வழுக்குது."

அவ்வளவுதான். தேசா வாயிலிருந்து கையை எடுத்தாள். இந்த உலகத்தில் வெந்துகொண்டிருக்கும்போதுகூட அவளைக் குத்திக்காட்ட ஒரே ஒருவனால்தான் முடியும். அவன்தான் உள்ளே இருந்தான். நேற்று பாட்டு நின்றதிலிருந்து உள்ளேதான் இருந்தான். எட்டிப் பார்த்த அவள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. அவன் தலைமேல் ஊறலை ஊற்றியது அவள். அடுப்பை மூட்டியது அவள்.

"இருடா! இரு! தீயை எடுக்குறேன்!"

இரும்புக் கொக்கியால் அடுப்பிலிருந்து கட்டைகளை இழுத்துத் தரையில் போட்டாள். புகை கண்ணைக் கரித்தது. பாவாடை ஓரம் பொசுங்கியது. கத்தியை எடுத்து மூடிக்கும் அண்டாவுக்கும் நடுவே செருகினாள். மாவு சூட்டில் இறுகியிருந்தது. திறந்தால் கொதிக்கும் ஊறல் முகத்தில் அடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அடிக்கட்டும். முகம் போனால் போகட்டும்.

கத்திக்குப் பக்கத்தில் மாவில் ஒரு புடைப்பு உள்ளிருந்து எழுந்தது. அதையொட்டி இன்னொன்று. இன்னும் இரண்டு. வரிசையாக. விரல்கள்.

"அங்கதான்," என்றது குரல். "அங்கதான், தேசா. அழுத்து."

அழுத்தினாள். மாவில் ஒரு துண்டு பெயர்ந்தது. ஆவி சீறியது.

அவள் மணிக்கட்டின் மேல் ஒரு கை விழுந்தது.

"காய்ச்சும்போது திறக்கக் கூடாது, தேசாங்கா. முகம் வெந்துடும்."

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. அவன் தலையில், தோளில் பனித்துளிகள் இருந்தன. முகத்தில் கோபம் இல்லை. அந்தக் கையில் சூடும் இல்லை, குளிரும் இல்லை. அவள் திமிறினாள், கடித்தாள். அவன் பொறுமையாகக் கத்தியை வாங்கி ஜன்னலில் வைத்தான். பெயர்ந்த மாவை எடுத்து, எச்சில் தொட்டு, மறுபடி அதன் இடத்தில் ஒட்டினான். பிறகு குனிந்து, தரையில் கனன்றுகொண்டிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக வெறும் கையால் பொறுக்கி அடுப்புக்குள் வைத்தான்.

"அவனை விட்டுடு," என்றாள். "எது வேணும்னாலும் எடுத்துக்கோ. அவனை விட்டுடு."

அவன் தலையாட்டினான். நேற்றிலிருந்து அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் ஆட்டியதுபோலவே.

கைப்பிடியில் அவள் கையை வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துச் சுற்றினான். உள்ளே எதிர்த்தது. அவன் சுற்றினான். சங்கிலி எதிலோ மாட்டி இழுபட்டது. உள்ளே ஓர் அலறல். அவன் சுற்றினான்.

குழாய் முனையில் சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு. அவன் குவளையை வைத்தான்.

முதலில் வடிவதை யாரும் குடிப்பதில்லை, அது விஷம். ஆனால் அதை வீணாகக் கொட்டுவதுமில்லை. செத்துப்போன ஒருவரின் பேரைச் சொல்லித் தரையில் ஊற்றுவார்கள். அவன் குவளையை அவளிடம் நீட்டினான்.

"ஊத்து. பேர் சொல்லி ஊத்து."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பேரைச் சொல்லாதவரை ராதோமிர் சாகவில்லை. அது ஒன்றுதான் அவள் கையில் மிச்சம் இருந்தது.

"தேசா," என்றது அண்டா. "சொல்லாதடி. என்ன ஆனாலும்…"

"சொல்லமாட்டியா?" என்று கேட்டான் அவன். பிறகு தானே குவளையைச் சாய்த்தான். சிமெண்டுத் தரையில் அது சலசலத்து ஓடியது.

"ராதோமிர்," என்றான், ராதோமிரின் குரலில்.

அண்டாவுக்குள் பேச்சு நின்றது.

மாவில் இருந்த புடைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. கைப்பிடி லேசாகச் சுற்றியது. ஒன்றும் தடுக்கவில்லை. தேசா அழுதுகொண்டே சுற்றினாள், ஏனென்றால் அவன் கை அவள் கையை விடவில்லை.

சொட்டு தாரையாயிற்று. தாரை சீராயிற்று. அவன் அவள் கையை விட்டு, குவளையைக் கழுவி, பிடித்து, நிறைத்தான்.

"இது நமக்கு."

ஒரு கையால் அவள் பின்தலையைத் தாங்கிக்கொண்டான். மறு கையால் குவளையை அவள் உதட்டருகே கொண்டுவந்தான். வெதுவெதுப்பாக இருந்தது. பிளம் வாசனை. அதற்கு அடியில், வேலை முடிந்து வந்து ராதோமிர் சட்டையைக் கழற்றும்போது வருகிற வியர்வை வாசனை.

"குடி," என்றான் அவன்.