தொலையாத தாள்

பர்மாவில், பபேடான் கடைத்தெருவிலுள்ள முஜிபுர் ரஹ்மானின் குடைக்கடைக்கு மழைநாளில் வருகிறவர்கள் குடை வாங்கத்தான் வருவார்கள். தமிழரசியோ சொட்டச் சொட்ட நனைந்து வந்தும் ஒரு குடையைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த விநாயகமூர்த்தியின் முன்னால் பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றை வைத்துவிட்டு அழுதாள். விநாயகமூர்த்தி இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீ விபத்துகளை விசாரிப்பவர். அவரிடம் வழக்கு வந்துவிட்டால் முஜிபுருக்கு வியாபாரம் மறந்துபோகும்.

விஷயம் இதுதான். தமிழரசி பாடும் சேர்ந்திசைக் குழுவின் தலைவர் பிரேம்நாத், நாளைய கச்சேரிக்கு பழைய ஐரோப்பிய இசைமேதை ஹேண்டலின் ஓபரா எனும் இசைநாடகப் பாட்டு ஒன்றை அவளுக்குக் கொடுத்திருந்தார். காலமெல்லாம் தேவாலயப் பாட்டுகளையே நடத்தியவருக்கு ஓபரா இதுவே முதல்முறை. நடைபாதைக் கடையில் வாங்கிய கையோடு, புரட்டிக்கூடப் பார்க்காமல், புத்தகத்தை நகலெடுக்க அவளிடம் தந்தார். புத்தகம் திரும்பி வந்தபோது அதில் பாட்டு பாதியில் நின்றது. கடைசித் தாளைத் தொலைத்துவிட்டுப் பொய் சொல்கிறாள் என்று குழுவின் முன்னிலையிலேயே அவளை நீக்கிவிட்டார்.

"நகலெடுத்தவன்தான் கள்ளன்" என்று முஜிபுர் அடித்துச் சொன்னார்.

விநாயகமூர்த்தி பக்கங்களைப் புரட்டினார். மூலைகளையும் கீழ்விளிம்பையும் கரையான் தின்றிருந்ததால் பக்க எண்ணே இல்லை. ஆனால் தையல் நூல் இறுக்கமாகவே இருந்தது.

முஜிபுர் சும்மா இருப்பாரா? போனில் ஹேண்டலைத் தேடி உரக்கப் படித்தார். உயிரோடு இருந்தபோது ஓகோவென்று பேசப்பட்ட அந்த மனிதரின் ஓபராக்கள், பிறகு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் மேடையேறாமல் கிடந்தனவாம். பாடியதையே திரும்பப் பாடுவது அலுப்பு என்று பலர் குறைசொன்னார்களாம். இன்றோ உலகமெங்கும் அவற்றுக்குக் கூட்டம் கூடுகிறதாம்.

"கடைசிக்கு முந்தின வரியை இன்னொரு தரம் படிங்க பாய்" என்றார் விநாயகமூர்த்தி. கேட்டதும் சிரித்துக்கொண்டே பிரேம்நாத்தைக் கடைக்கு வரவழைத்தார்.

"சயா," என்று வாத்தியாரைப் பர்மிய முறையில் மரியாதையாக அழைத்தார். "முதல் பகுதிக்கு மேல மட்டும் பென்சிலால பொடி ஸ்வரம் எழுதியிருக்கே, ஏன்?"

யாரோ கிறுக்கியிருப்பார்கள் என்றார் பிரேம்நாத்.

"முடிவுக் கோடு எங்க இருக்கு?"

அது முதல் பகுதியின் கடைசியில் இருந்தது. அச்சுப்பிழை என்று பிரேம்நாத் நினைத்திருந்தார்.

"பிழையில்லை சயா. எங்க கோயில்ல கீர்த்தனை பாடுவோம். சரணம் முடிஞ்சா பல்லவிக்குத் திரும்பணும். அந்தப் பல்லவியை ரெண்டாந்தரம் யாரும் எழுதி வைக்கிறதில்லை. இதுவும் அந்த மாதிரிதான். நடுப்பகுதி முடிஞ்சதும் முதல்ல இருந்து பாடி, அந்தக் கோட்டில நிக்கணும். பென்சில்ல இருக்கிறது திரும்பி வரும்போது போடற சங்கதி. திரும்பிப் போன்னு சொல்ற வார்த்தை கரையான் வயித்துக்குள்ள போயிருச்சு. தையல்ல ஒரு தாள்கூட உருவப்படலை."

தமிழரசி அங்கேயே பாடிப் பார்த்தாள். நடுப்பகுதி சோகமாக முடிந்தது. முதல் வரிக்குத் திரும்பியபோது குரல் சங்கதிகளோடு துள்ளி ஏறியது. தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். முஜிபுருக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

பிரேம்நாத் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு வந்து பாடும்படி கெஞ்சினார்.

"எல்லார் முன்னாலயும் பொய்க்காரின்னு சொன்னீங்க சயா. இல்லைன்னும் எல்லார் முன்னாலயும் சொல்லுங்க, வர்றேன்."

மறுநாள் மாலை அரங்கு நிறைந்திருந்தது. பிரேம்நாத் மைக்கைப் பிடித்து, தமிழரசி பொய் சொல்லவில்லை, தனக்குத்தான் அந்தப் பாட்டைப் படிக்கத் தெரியவில்லை என்று தமிழிலும் பர்மிய மொழியிலும் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவள் மேடையேறினாள்.