திட்டுவதற்கு வரிசையில் வரவும்

தருணக்கூட்டின் வாசலில் தொடங்கிய வரிசை பாளையங்கோட்டைச் சந்தைவரை நீண்டிருந்தது. அத்தனை பேரும் மாசிலாமணியைத் திட்ட வந்தவர்கள்.

சட்டம் அப்படி. ஆட்டக்காரனை இணையத்தில் ஏச வேண்டுமானால், முதலில் தருணக்கூடு என்ற எந்திரத்துக்குள் ஏறி, அவன் சொதப்பிய கணத்தை அவன் உடம்போடு வாழ்ந்து பார்க்க வேண்டும்: அவன் மூச்சு, அவன் முழங்கால் வலி, அவன் காதில் விழுந்த ஆரவாரம். சொதப்பாமல் மீண்டால் ஏச்சு பிரசுரமாகும். மீளாவிட்டால், விழுந்த அழகு வெளித்திரையில் ஓடும். விழுந்ததும் விசையை இழுத்து ஆட்டத்தை நிறுத்துவது கூட்டை இயக்கும் எஸ்தரின் வேலை. நிறுத்தாவிட்டால் அதே கணம் மறுபடி ஓடும்.

மாசிலாமணி செய்தது இவ்வளவுதான். கபடி இறுதிப்போட்டியில் கடைசியாகப் பாடிப்போனவன் நடுக்கோட்டைத் தொட்டிருந்தால் கோப்பை. தொடுவதற்குள் வெற்றிக்களிப்பில் இரண்டு கையையும் தூக்கினான். காலைப் பிடித்துவிட்டார்கள்.

"கூட்டுக்குள்ள ஒருத்தன் கோட்டத் தொட்டுட்டாலும் உம்ம ஒப்பந்தம் கிழிஞ்சுது வே" என்றிருந்தார் அணி முதலாளி. அதனால்தான் மாசிலாமணி தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு மூலையில் நின்றான்.

முதலில் ஏறியவர், 'ஒழுக்கமற்ற கரங்கள்' என்று தொலைக்காட்சியில் வாரம் முழுக்க முழங்கிய கபடிச் செம்மல் பிறவிப்பெருமாள். கோட்டை நெருங்கினார். அரங்கம் ஆர்ப்பரித்தது. கையைத் தூக்கியதோடு நிற்காமல், "பெருமக்களே..." என்று உரையும் தொடங்கினார். மூன்று பேர் சேர்ந்து கவிழ்த்தார்கள்.

"ஏல, செம்மல் செம்மண்ணுல கெடக்காருல!" வரிசை விழுந்து விழுந்து சிரித்தது.

சாயங்காலம்வரை ஒருவரும் கோட்டைத் தொடவில்லை. தாசில்தார், பல் டாக்டர், கல்யாணத் தரகர், எல்லார் கையும் மேலே போயிற்று. வெட்கப்பட்டார்களா? முகமெல்லாம் பல்லாக வரிசையின் வாலுக்கு ஓடினார்கள்.

"அந்தச் சத்தத்த இன்னொருக்கக் கேக்கணும் தாயி. என்னன்னு திட்டணும், சொல்லு, திட்டுதேன்!" என்று எஸ்தரிடம் கெஞ்சினார் ஒருவர்.

மாசிலாமணி மேல் பிரசுரமாகாத ஏச்சு மலையாகக் குவிந்தது. அத்தனையும் பாசத்தோடு.

மூடும் நேரத்தில் தொப்பிக்காரன் ஒருவன் முன்னால் வந்தான்.

"அண்ணே, நீங்களா! யாரத் திட்டணும்?" என்றாள் எஸ்தர்.

"என்னத்தான்."

"கிறுக்கா பிடிச்சிருக்கு? கோட்டத் தொட்டுட்டா வேலையில்ல போயிரும்!"

"போனாப் போவுது. கதவத் தொற பிள்ள."

உள்ளே கோடு கண்ணெதிரே வந்தது. இந்தத் தடவை தொட்டே தீருவது என்று பல்லைக் கடித்தான். அப்போது அந்த ஆரவாரம் எழுந்தது. கை தானாக உயர்ந்தது. விழுந்தான்.

வெளியே, திரையைப் பார்த்திருந்த கூட்டம் முழுக்கக் கையைத் தூக்கிக் கத்தியது. எஸ்தரும் தூக்கியிருந்தாள். விசையில் யார் கையும் இல்லை.

மாசிலாமணி மறுபடி பாடிப்போனான், மறுபடி கையைத் தூக்கினான், மறுபடி விழுந்தான், சிரித்துக்கொண்டே.