காருக்கு வலிக்குது!

"அய்யோ...!"

கார் ஷெட்டிலிருந்து அந்த அலறல் வந்தபோது, தெரு அப்போதுதான் பல் தேய்த்துக்கொண்டிருந்தது.

ஒரு கிழட்டுக் கார். அதன் அடியில் இரண்டு கால்கள். அசைவில்லை!

இன்ஸ்பெக்டர் வந்தார். காரைத் தூக்கி, உடலை அனுப்பிவிட்டு, அதைத் தாங்கியிருந்த ஜாக்கியைப் புரட்டிப் பார்த்தார். செத்தவரின் மனைவி பக்கம் திரும்பினார்.

"இது தானா இறங்கலை. வால்வை யாரோ திருகியிருக்காங்க. ஏம்மா, நேத்து நீங்க புருஷனைத் திட்டினது தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சாமே?"

"திட்டினேன் சார்..."

"என்னன்னு?"

"அந்த ஓட்டைக் காருக்கு அடியிலயே கிடந்து சாவுங்கன்னு..." வாயைப் பொத்திக்கொண்டாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து திட்டுறேன் சார்! ஒரு தடவையாவது பலிச்சிருக்கா?"

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் கண்ணைத் துடைத்தார். செத்தவரின் உயிர் நண்பர். பழைய கார் பைத்தியத்தில் கூட்டாளி.

"தங்கச்சி கொஞ்சம் கோபக்காரி சார். ஆனா கொலை பண்ற அளவுக்கு... இருக்காது."

அந்த 'இருக்காது' சரியாகப் போய்த் தைத்தது!

"அண்ணே! நீங்களுமா?"

"நீங்க இந்த ஷெட்டுக்குக் கடைசியா எப்போ வந்தீங்க டாக்டர்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போன மாசம் சார். இஞ்சின் அக்கக்காக் கழண்டு தரையில கிடந்துச்சு."

"சரி. ஜீப்புல ஏறும்மா. யோவ் ஏட்டு, அந்தக் காரை வெளியே எடு!"

ஏட்டு சாவியைத் திருகினார்.

க்ர்ர்ர்... க்ர்ர்ர்...

"சனியனே!"

ஆக்சிலரேட்டரை மிதி மிதியென்று மிதித்தார். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது.

க்ர்ர்ர்ர்ர்...!

டாக்டரின் முகம் கோணியது. நாற்காலியில் எத்தனையோ பேர் துடித்தபோதும் கண் இமைக்காத மனுஷன்!

"நிறுத்துய்யா! காருக்கு வலிக்குதய்யா! தள்ளு!"

ஏட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்தார். சீட்டுக்கு அடியில் கையை விட்டார். 'டக்'. சாவியைத் திருகினார்.

ட்ர்ரூம்...!

"கேட்டீங்களா? தேன்... தேன்!"

கண்ணை மூடிக்கொண்டார்.

ஜீப்பில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள்.

"அண்ணே... அந்த ரகசிய சுவிட்ச் உங்களுக்கு எப்படித் தெரியும்? நேத்து சாயந்திரம்தானே அவர் வெச்சார்! நான்தான் டார்ச் பிடிச்சேன்... திட்டிக்கிட்டே!"

இஞ்சின் மட்டும் பேசியது.

"அவன்தான் காட்டினான்..." டாக்டர் ஸ்டியரிங்கை விடவில்லை. "விடியக்காலையில போன் பண்ணி, 'வாடா, உயிர் வந்துடுச்சு'ன்னான். பழைய இரும்புக் கடையில இதைக் கண்டுபிடிச்சது நான் சார்! சரிபண்ணி எனக்கே தர்றேன்னு சொன்னவன், கார் ஓடினதும் தரமாட்டேன்னுட்டான்! சொல்லிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டே அடியில போய்ப் படுத்தான்... வால்வு என் கைக்குப் பக்கத்துலயே இருந்துச்சு..."

அவள் ஜீப்பிலிருந்து காலை எடுத்தாள்.

"இறங்குங்க டாக்டர்."

"ஒரே ஒரு ரவுண்டு சார்... ப்ளீஸ்..."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"எங்க ஜீப்பும் பழசுதான், வாங்க! ஸ்டார்ட் ஆகலைன்னா நீங்கதான் இறங்கித் தள்ளணும்!"