கட் சொன்னது ஆர்?

நிவேதனாவின் அப்பா றஞ்சித்துக்கு இரண்டு தொழில்கள். ஒன்று சுவர் கட்டுவது. மற்றது சுவரிலிருந்து விழுவது.

யாழ்ப்பாணத்தில் யாராவது படம் எடுத்தால், கதாநாயகன் விழவேண்டிய இடத்தில் விழுவதற்கு அப்பாவைக் கூப்பிடுவார்கள். பதினொரு வருடத்தில் மாடியிலிருந்து விழுந்தார், ஓடும் லொறியிலிருந்து விழுந்தார், ஒருமுறை மாட்டுவண்டியிலிருந்தும் விழுந்தார். அவர் முகம் மட்டும் எந்தப் படத்திலும் வந்ததில்லை.

இப்போது எடுக்கும் படத்தின் கதாநாயகனுக்கு மீசை இல்லை. அதனால் அப்பாவும் மீசையை எடுத்துவிட்டார். கதவைத் திறந்த அம்மா, "ஆர் வேணும்?" என்று கேட்டாள்.

பிறகு சிரிக்காமல் சொன்னாள். "போன வருசம் கை முறிஞ்சது. இன்னொருக்கா முறிஞ்சால் மேசன் வேலையும் இல்லை."

கோப்பாயில் படப்பிடிப்பு. நிவேதனா இப்போதுதான் முதல்முறையாக வருகிறாள். இரண்டு வருடம் கெஞ்சியதற்குக் கிடைத்த பலன்.

"நான் விழேக்கை ஒரு சத்தமும் வரக்கூடாது" என்றார் அப்பா. "வந்தால் இனிக் கூட்டிக்கொண்டு வரமாட்டன்."

"ஓம் அப்பா."

பாதி கட்டிய மாடிவீடு. அதை ஒட்டித் தேவராசா மாமாவின் வெங்காயத் தோட்டம். வெறுமையாகக் கிடந்த ஒரு பாத்தியில் காட்போட் பெட்டிகளை நாலு அடுக்காக அடுக்கி, மேலே மெத்தை போட்டிருந்தார்கள். எல்லாம் வெறும் பெட்டிகள். ஆள் விழும்போது அவை நசுங்கி, வேகத்தைக் குறைத்துத் தாங்கும்.

பக்கத்துப் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டர் இரைந்துகொண்டிருந்தது. இயக்குநர் சுரேஸ் காதைப் பொத்தினார்.

"அண்ணை, பத்து நிமிசம் உந்த மோட்டரை நிப்பாட்டுங்கோ!"

"அரைவாசிதான் இறைச்சிருக்கு, தம்பி."

"வெயில் போகுது, அண்ணை!"

தேவராசா மாமா மண்வெட்டியைப் போட்டுவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே மோட்டரை நிறுத்தப் போனார். இரைச்சல் நின்றது. அப்பா மாடி விளிம்புக்கு வந்தார். எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

அப்பாவின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த நிவேதனா கீழே பார்த்தாள்.

மோட்டர் நின்றாலும் வாய்க்காலில் வந்த தண்ணீர் உடனே நிற்காது. தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரியும். பாத்தி மாற்ற ஆளில்லாமல் நிறைந்த தண்ணீர், வரம்பை உடைத்துப் பெட்டிகளின் அடியில் போய்க்கொண்டிருந்தது. கீழ் அடுக்கு நனைந்து கறுத்திருந்தது.

"அக்சன்!" என்றார் சுரேஸ்.

அப்பா ஒரு காலைப் பின்னால் வைத்தார்.

சத்தம் போட்டால் இனி வரமுடியாது. போடாவிட்டால்?

"கட்!" என்று கத்தினாள் நிவேதனா.

அப்பா அப்படியே நின்றார். பதினொரு வருடப் பழக்கம்.

"ஆரடா கட் சொன்னது?" சுரேஸ் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நான்தான், அங்கிள்."

"எடி பிள்ளை, கட் சொல்லுறது என்ரை வேலை!"

"பெட்டி நனைஞ்சு போச்சு, அங்கிள்."

அப்பா இறங்கி வந்து கீழ்ப் பெட்டியைத் தொட்டார். தேத்தண்ணியில் தோய்த்த பாணில் போவதுபோல விரல் உள்ளே போனது. விரலை எடுத்துச் சுரேஸிடம் காட்டினார்.

சுரேஸின் கோபம் போன இடம் தெரியவில்லை. "இனிப் பெட்டிக்கு எங்கை போறது?"

"சந்திக் கடைக்குப் பின்னாலை பிஸ்கட் பெட்டி குவிஞ்சு கிடக்கு, வரேக்கை கண்டனான்" என்றாள் நிவேதனா. "வாங்கோ, காட்டுறன்."

அவள் தன் சைக்கிளில் முன்னே போய்க் கடையைக் காட்ட, சுரேஸ் தலையில் பெட்டிகளோடு திரும்பி வந்தார். பவுடர் பூசிய கதாநாயகனும் ஆறு பெட்டி சுமந்தார். தேவராசா மாமா வரம்பைக் கட்டி, "கேட்டிருந்தால் அப்பவே சொல்லியிருப்பன்" என்றார். யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான்.

பக்கத்தில் காய்ந்து கிடந்த பாத்தியில் புதிதாக அடுக்கினார்கள். அப்பா முதலில் ஒரு மண்மூட்டையை மேலிருந்து போட்டுப் பார்த்தார். பெட்டிகள் தாங்கின. நசுங்கியவற்றை மாற்றியதும் மேலே ஏறினார். ஏறியவர் நிவேதனாவைப் பார்த்தார். அவள் சுற்றிவந்து அடிப்பெட்டி ஒவ்வொன்றையும் தொட்டாள்.

"காஞ்சிருக்கு, அப்பா."

"அக்சன்!"

அப்பா பின்பக்கமாக விழுந்தார். பொத்! மெத்தையோடு பெட்டிகளுக்குள் மறைந்துபோனார். பிறகு நடுவிலிருந்து ஒரு பெருவிரல் மேலே வந்தது.

சுரேஸ் வாயைத் திறந்தார், மூடினார், நிவேதனாவின் பக்கம் திரும்பினார்.

"சொல்லு பிள்ளை."

"கட்!" என்றாள் நிவேதனா.