பின்சீட்டு விளக்கு

அலாரம் நின்ற பிறகும் கார் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஷெட்டில் காற்று இல்லை, நான்கு கதவுகளும் பூட்டியிருந்தன, உள்ளே யாரும் இல்லை. அவள் கணவனிடம் சொன்னாள். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வண்டின்னா ஆடத்தான் செய்யும்."

அவன் கார் எலெக்ட்ரீஷியன். வீட்டை ஒட்டிய ஷெட்தான் கடை. காரணமே இல்லாமல் கத்துகிறது என்று இந்தக் காரை மூன்றாவது தடவையாகக் கொண்டுவந்து விட்டிருந்தார் சொந்தக்காரர். பேட்டரியை மாற்றியாயிற்று, கதவு சுவிட்சுகளை மாற்றியாயிற்று. ஒவ்வொரு அலறலுக்கும் எதிர்க்கடை டயர்க்காரன் வெளியே வந்து வேடிக்கை பார்த்தான். உள்ளே எது அசைந்தாலும் கண்டுபிடிக்கும் சென்சார்கள்தான் மிச்சம். கூரையில் முன்சீட்டுக்கு மேல் ஒன்று, பின்சீட்டுக்கு மேல் ஒன்று. எது அசைவைப் பிடிக்கிறதோ அதில் சிவப்பு விளக்கு எரியும். கறுப்புக் கண்ணாடி என்பதால் வெளியிலிருந்து தெரியாது. யாராவது உள்ளே உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

"நீ உக்காரு. சிலை மாதிரி இருக்கணும். விளக்கு எதுவும் எரியலன்னா கண்ணாடிகிட்ட கட்டைவிரலைக் காட்டு."

"அடுப்புல வேலை கிடக்குங்க."

"அஞ்சு நிமிஷம். என் மானம் போகுது இங்க."

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். ரிமோட்டில் பூட்டினான். அப்படிப் பூட்டினால் உள்ளிருந்தும் திறக்க முடியாத வண்டி அது, திருடனே தோற்றுப்போவான் என்று காலையில்தான் பெருமையடித்திருந்தான்.

வெளியே இருந்த சத்தம் மங்கியது. ரப்பர் விரிப்பின் வாடையும் யாருடையதோ பழைய தலையெண்ணெய் வாடையும் கலந்து, துவைக்காத தலையணையில் முகம் புதைத்த மாதிரி மூச்சை அடைக்க, அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, உள்கண்ணாடியில் தெரிந்த பின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்சீட்டு மெல்ல அமுங்கியது. பாரமான ஓர் ஆள், சத்தம் வரக் கூடாதென்று பார்த்துப் பார்த்து உட்காருவது போல. பின் விளக்கு எரிந்தது.

அலாரம் அலறியது. அவளும் அலறினாள்.

அவன் கதவைத் திறக்கவில்லை. ரிமோட்டில் சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டுக் கண்ணாடியோரம் குனிந்தான்.

"எந்த விளக்கு?"

"பின்னால. கதவைத் தொறங்க, பின்னால யாரோ இருக்காங்க!"

பின் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தான். "எங்க? இருந்தா கூப்பிடு, சேர்ந்தே சாப்பிடலாம்." தன் ஜோக்குக்குத் தானே சிரித்தான். "இன்னொரு தடவை பாத்துடுவோம். அழாத. அழுதா சென்சார் அதையும் பிடிக்கும்."

மறுபடி ரிமோட்டில் பூட்டுப் பொத்தானை அமுக்கினான். பதினைந்து வருடக் குடித்தனத்தில் அவள் சொன்ன எதையும் ஒரே தடவையில் அவன் நம்பியதில்லை. அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது.

பின்னால் சீட் பெல்ட்டை யாரோ இழுத்தார்கள். சர்ர்ரென்று, நிதானமாக, அளவு பார்ப்பது போல, நீளமாக இன்னும் நீளமாக இழுத்தார்கள். அலாரம் கத்தியது. பெல்ட் சட்டென்று சுருண்டு உள்ளே போனது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அலாரம் கத்தினால் பின்னால் இருப்பது அடங்கிவிடுகிறது. இத்தனை நாளாக அந்தக் கார் காரணமில்லாமல் கத்தவில்லை. கத்து, கத்து, நிறுத்தாதே என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

"என்ன டாக்டரே, நோயாளி இன்னும் கத்துறானே!" டயர்க்காரன் தெருவிலிருந்து குரல் கொடுத்தான்.

அவள் கணவனின் முகம் சுண்டிப்போனது. ரிமோட்டை அமுக்கிச் சத்தத்தை நிறுத்தினான். கட்டிங் பிளேயரை எடுத்தான்.

"விளக்கைத்தானே பாக்கணும். சத்தம் எதுக்கு?"

ஏற்கெனவே கொக்கி விட்டிருந்த பானெட்டைத் தூக்கினான். முன்கண்ணாடி மறைந்தது. அவள் பக்கத்துக் கண்ணாடியை இரண்டு கைகளாலும் அடித்தாள்.

"வேணாங்க! அதை மட்டும் வெட்டாதீங்க!"

"சும்மா இரு! அசையாதன்னு எத்தனை தடவை சொல்றது?"

டக்.

ரிமோட் ஒருமுறை கீச்சிட்டது. பூட்டுகள் மறுபடி இறுகின.

பின் விளக்கு எரிந்தது.

சத்தம் இல்லை.

சீட் அமுங்கியது. இந்த முறை அவசரமில்லாமல். பெல்ட் நீண்டது. சர்ர்ர். நிற்கவில்லை. எதுவும் அதை நிறுத்தவில்லை.

எண்ணெய் வாடை. காதுக்குப் பக்கத்தில்.

முன் விளக்கு எரிந்தது. அவள் அசையவில்லை.

பெல்ட் தலைக்கு மேலாக வந்து கழுத்தில் உட்கார்ந்தது. இறுகியது. குரல் வரவில்லை. இரண்டு கைகளாலும் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். கொஞ்சம்கூட வரவில்லை.

அவன் பக்கவாட்டில் வந்தான். உள்ளங்கைகளைக் கண்களுக்கு மறைப்பாக வைத்துக் கறுப்புக் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தான். ஒரு சாண் தூரத்தில் அவன் முகம். கறுப்புக் கண்ணாடிக்குள் அவன் கண்கள் எதையும் காணாமல் அலைந்தன. புருவத்தைத் தூக்கி, என்ன ஆச்சு என்று கட்டைவிரலை ஆட்டிக் கேட்டான்.

அவளுடைய இரண்டு கைகளும் கழுத்தில் இருந்தன.

அவள் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்தது. கண்ணாடியை ஒட்டி, அவனுக்கு நன்றாகத் தெரியும்படி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டியது.

"அப்பாடா!" அவன் முகமெல்லாம் பல். "பாத்தியா, அசையாம இருந்தா எல்லாம் சரியா வருது. அப்படியே இரு, டயர்க்காரனைக் கூட்டிட்டு வந்து காட்டுறேன்."

அவன் தெருவுக்குப் போனான். கை அப்படியே உயர்ந்திருந்தது. தலைக்கு மேல் இரண்டு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.