குழந்தை சொல்ல வேண்டிய இடம்

கம்ப்யூட்டரில் ஓடிய பதிவில் ஸுதர்சன் "பால்" என்று சொல்லி நிறுத்திய இடத்தில், வெறும் இரைச்சல் மட்டுமே இருக்க வேண்டிய அந்த இடத்தில், ஒரு சின்னக் குரல் மூச்சை இழுத்து "பால்" என்றது. ஜெயலக்ஷ்மி கரண்டியும் கையுமாக அடுப்படியில் நின்றுவிட்டாள். குழந்தை ரக்ஷாவோ கூடத்தில் அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கணவன் ஸுதர்சன் போய் மூன்று மாதம். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் லாரி அடித்தபோது அவனோடு லேப்டாப்பும் நொறுங்கியது. ரிப்பேர்கார முருகேசன்தான் அதன் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் மாட்டிக் கொடுத்தான். "வெளியதாம்மா ஒடஞ்சிக்குது. உள்ள நல்லா ஓடிக்கினுதான் இருக்குது" என்றான். அதைக் கேட்டதும் பாவம், குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

உள்ளே அவன் குரல் இருந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் பாசுரம் சொல்லித்தருவதற்குச் சந்தை என்று பெயர். வாத்தியார் ஒரு தரம் சொன்னால் பிள்ளைகள் இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வேண்டும். பேச்சு வரத் தாமதமான மகளுக்கு, விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறுகிறவன், ஒவ்வொரு சொல்லையும் அதே முறையில் பதிந்து வைத்திருந்தான். ஒரு சொல். பிறகு அவள் இரண்டு தரம் சொல்ல இடைவெளி.

குழந்தைக்கு அப்பா குரல் மறந்துவிடக் கூடாதே என்ற ஒரே தவிப்பில், தினமும் விளக்கேற்றியதும் அவளை மடியில் வைத்துக்கொண்டு ஜெயலக்ஷ்மி அதைப் போட்டாள். குழந்தையும் சமர்த்தாகத் திருப்பிச் சொன்னது. நாளாக ஆக அவன் குரலில் கரகரப்பு போய், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் தெளிந்தது; சூடான தூசி வாசனைக்கு நடுவே அவன் சட்டை வாசனையும் வந்தது. பயந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

ரக்ஷா எழுந்து வந்து டம்ளரைக் காட்டினாள்.

"என்னடி வேணும்? பாலா? வாயைத் திறந்து சொல்லேன்."

திறந்தாள். சத்தமே இல்லை.

"தண்ணி சொல்லு. காக்கா சொல்லுடி, கண்ணோல்லியோ!"

உதடு அசைந்தது. அவ்வளவுதான். ஜெயலக்ஷ்மி ஓடிப்போய்ப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டாள். தண்ணி. காக்கா. நிலா. எல்லா இடைவெளியிலும் ரக்ஷாவின் குரல், இரண்டிரண்டு தரம்.

"அம்மா!" என்று குழந்தை காலைக் கட்டிக்கொண்டு வீறிட்டது. அந்த ஒரு சொல்லின் பதிவைத்தான் இன்னும் போடவில்லை. குழந்தைதான் நாளெல்லாம் அப்படிக் கூப்பிடுகிறதே என்று விட்டிருந்தாள்.

முருகேசனுக்குப் போன் செய்தாள். "இப்பவே வந்து கழட்டிடுங்கோ."

"இதோ வரேம்மா."

அணைத்திருக்கலாம். ஐயோ, அணைத்துத் தொலைத்திருக்கலாம்! இனி அவன் குரலே கிடையாது என்று நினைத்தபோது மனசு கேட்கவில்லை. குழந்தையைக் கூடத்தில் பொம்மைகளோடு விட்டுவிட்டு உள்ளே வந்தாள். ஒரே ஒரு தரம். சத்தத்தைக் குறைத்து வைத்தாள்.

"அம்மா" என்றான் ஸுதர்சன்.

"அம்மா" என்றது, பின்னாலேயே அறை வாசலுக்கு வந்துவிட்ட குழந்தை.

பாய்ந்தாள். வயரைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. விசிறி நின்றது.

"அம்மா."

குழந்தையின் வாய் மூடியிருந்தது.

"பேஷ்டி கண்ணு" என்றான் அவன், அணைந்த பெட்டிக்குள்ளிருந்து.

முருகேசன் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தபோது ஜெயலக்ஷ்மி தரையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் புடவையைப் பிடித்து இழுத்து, முகம் சிவக்க வாயைத் திறந்து அழுதது. ஒரு சத்தமும் இல்லை.

"கழட்டிடலாமாம்மா?"

"வேண்டாம். தொடாதேங்கோ" என்று அவள் அந்தப் பெட்டியை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். வயர் தரையில் கிடந்தது. பெட்டிக்குள் ரக்ஷா, "அம்மா, அம்மா" என்று விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள்.